ஏசி நின்றதும் பாட ஆரம்பித்த பெட்டி

ஜுபைலில் நவம்பர் பிறந்தால் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். ஏழெட்டு மாதம் இரவு பகல் பார்க்காமல் ஓடிய ஏசிக்கு ஓய்வு கொடுக்கலாம். ஜன்னலைத் திறந்தால் கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வரும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் எனக்கு அவமானமாகப் போன ஒரு விஷயம் நடந்தது.

எங்கள் ரூமில் மூன்று பேர். ஒருத்தர் ராமநாதபுரத்து அண்ணன், சாரம் கட்டும் வேலையில் ஃபோர்மேன். ஷட்டவுன் சீசன் வந்துவிட்டால் அவருக்கு நைட் ஷிஃப்ட், சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரை. இன்னொருத்தர் திருநெல்வேலித் தம்பி, கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ராத்திரி ஒன்பதுக்குப் படுத்து அதிகாலை மூன்றரைக்கு எழுந்துவிடுவார். நான் இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியன், பகல் டூட்டி. ஆகவே எங்கள் ரூமில் எந்த நேரம் வந்து பார்த்தாலும் ஒருத்தர் தூங்கிக்கொண்டிருப்பார். வளைகுடாவில் ரூம் எடுத்துத் தங்குகிறவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அண்ணன் நைட் முடித்து வந்து படுத்திருந்தார். நான் என் மேசையில் உட்கார்ந்து டிசைன் மென்பொருள் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். அதைக் கற்றுக்கொண்டால் வெயிலில் நிற்காத ஒரு வேலைக்கு மாறலாம் என்று ஒரு ஆசை. பதினோரு மணி வாக்கில் அண்ணன் எழுந்தார். ஒன்றும் சொல்லவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய், செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் டீ போடும்போது கேட்டேன். "ஏண்ணே, ஹால்ல போய் படுத்தீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. உன் பொட்டி கொசு மாதிரி பாடிக்கிட்டே இருக்கு. நீ படிக்கிறே, நான் எதுக்கு சொல்லணும்னு போயிட்டேன்."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏனென்றால் ஆகஸ்டில் அந்தக் கம்ப்யூட்டரை நானே வாங்கிப் பூட்டியபோது "சத்தமே இல்லாத பொட்டி" என்று ரூம் முழுக்கப் பீற்றிக்கொண்டவன் நான். உண்மை என்னவென்றால் ஆகஸ்டில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பக்கத்து ரூமில் மிக்ஸி ஓடினால்கூடத் தெரியாது. ஏசி நின்ற பிறகுதான் என் பெட்டி பாடுவது எல்லோருக்கும் கேட்டது. எனக்குத்தான் கடைசியாகக் கேட்டது.

ஐம்பதடி உயரத்தில் நின்று குழாய் பூட்டுகிற ஆட்களை மேய்க்கிற மனிதர் அவர். அவருக்கு நாலு மணி நேரத் தூக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்பது சனையாவில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். பிளாண்டுக்குள் 85 டெசிபல் தாண்டுகிற இடத்தில் எல்லாம் போர்டு வைத்து, காதடைப்பான் போடாமல் உள்ளே விடமாட்டார்கள். ரூமுக்கு வந்தபிறகு காதுக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டியில், படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கிற சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. தூங்குகிறவர் தலைமாட்டிலிருந்து ஆறடி தூரத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதற்குள் நிற்பது அவ்வளவு சுலபமில்லை.

இந்த இடத்தில், "லேப்டாப் வாங்கியிருக்கலாமே?" என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். டிசைன் மென்பொருளை ஓடவிட்டால் லேப்டாப்பும் கத்தும். அதற்குள் இருக்கிற விசிறி இன்னும் சின்னது, அதனால் இன்னும் வேகமாகச் சுற்றும், கீச்சென்று கேட்கும். அதைவிட முக்கியம், லேப்டாப்பில் ஃபேன் போனால் அதே ஃபேனைத் தேடி அலையவேண்டும். நானே பூட்டிய பெட்டியில் எதையும் மாற்றலாம். பெரிய டவர் ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் இன்னும் எளிது. எங்களுக்கு எப்போது எக்ஸிட் அடிப்பார்கள் என்று தெரியாது. தம்மாம் ஏர்போர்ட்டில் கைப்பையாக ஏழு கிலோவுக்குள் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கவேண்டும். மானிட்டரை அடுத்து வருகிறவருக்கு விட்டுவிட்டுப் போய்விடலாம். அதனால்தான் மினி ஐடிஎக்ஸ் போர்டு. 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர், அவ்வளவுதான். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ரைசன் 5 5600ஜி ப்ராசஸர். பெட்டி ஒரு செருப்பு டப்பா அளவு.

ஆனால் பெட்டி சின்னதானால் ஃபேனும் மெலிய வேண்டியிருக்கிறது. சாதாரண கம்ப்யூட்டர் ஃபேன் 25 மில்லிமீட்டர் தடிமன். என் பெட்டிக்குள் இரண்டு ஃபேன். ப்ராசஸர் கூலர் மேல் 92 மில்லிமீட்டர் அகலத்தில் ஒன்று, பெட்டியின் மேல்தட்டில் 120 மில்லிமீட்டர் அகலத்தில் ஒன்று. இரண்டுக்குமே 15 மில்லிமீட்டருக்கு மேல் இடமில்லை. இதைத்தான் ஸ்லிம் ஃபேன் என்று விற்கிறார்கள்.

மெலிந்த ஃபேன் ஏன் சத்தம் போடுகிறது? இறக்கையின் ஆழம் குறைந்துவிட்டது. ஒரு சுற்றில் தள்ளுகிற காற்றும் குறைவு, அழுத்தமும் குறைவு. நடுவில் இருக்கிற மோட்டார் மட்டும் அதே அகலத்தில் உட்கார்ந்திருக்கும். இழந்த காற்றை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டவேண்டியிருக்கிறது. வேகம் கூடினால் சத்தம். ஆகவே 25 மில்லிமீட்டர் ஃபேன் உள்ளே நுழையும் என்றால் ஸ்லிம் ஃபேன் வாங்காதீர்கள். இதுதான் முதலில் சொல்லவேண்டியது, இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். கேபிளைக் கொஞ்சம் ஒதுக்கினால் பத்து மில்லிமீட்டர் கிடைக்கிற பெட்டிகள் நிறைய உண்டு. என் பெட்டியில் கிடைக்கவில்லை.

அடுத்தது, அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கிற டெசிபல். நான் முதலில் வாங்கிய மேல்தட்டு ஃபேன், பெயர் வேண்டாம், மலிவாகக் கிடைத்தது. டப்பாவில் 18 டெசிபல் என்று போட்டிருந்தது. சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவுக்குப் போய் நாலு கடையில் ஓடவிட்டுக் காதில் வைத்துப் பார்க்கலாம். இங்கே பெரும்பாலும் ஆன்லைன்தான். இல்லாவிட்டால் ஒரு வெள்ளிக்கிழமையைக் காலிசெய்து அல்கோபார் வரை போகவேண்டும். ஆகவே டப்பாவில் இருக்கிற எண்ணை நம்பித்தான் வாங்கவேண்டியிருக்கிறது. அந்த எண் எப்படி வருகிறது? பொதுவாக, அமைதியான அறையில், முன்னாலும் பின்னாலும் தடையே இல்லாமல் ஃபேனைத் தொங்கவிட்டு, ஒரு மீட்டர் தள்ளி மைக் வைத்து எடுப்பது. நம் பெட்டிக்குள் அதன் மூக்குக்கு முன்னால் மூன்று மில்லிமீட்டரில் ஓட்டை போட்ட தகடு இருக்கிறது. அந்த எண்ணுக்கும் நம் ரூமுக்கும் சம்பந்தம் குறைவு.

டெசிபல் எண்ணைவிட எனக்கு உபயோகமாக இருந்தது ஒரு பழைய விதி. பிளாண்டில் பெரிய ப்ளோயர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே விதிதான் உள்ளங்கை அளவு ஃபேனுக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். அழுத்தம் நாலில் ஒன்றாகும். மின்சாரம் எட்டில் ஒன்றாகும். சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். பத்து டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும் என்பார்கள். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே ஐந்து டெசிபல் கிட்டத்தட்ட போய்விடுகிறது. ஆக, சத்தமில்லாத ஃபேன் என்று தனியாக ஒன்று கிடையாது. மெதுவாக ஓடுகிற ஃபேன்தான் உண்டு. கேட்கவேண்டிய கேள்வி, "இது எத்தனை டெசிபல்?" என்பது இல்லை. "இதை எவ்வளவு மெதுவாக ஓட்டமுடியும், அந்த வேகத்தில் என் பெட்டி தாங்குமா?"

தாங்குமா என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். நாக்டுவா என்கிற ஆஸ்திரிய கம்பெனியின் என்எஃப்-ஏ12எக்ஸ்15 என்ற 15 மில்லிமீட்டர் ஃபேனை எடுத்துக்கொள்வோம். முழு வேகம் நிமிடத்துக்கு 1850 சுற்று. அப்போது மணிக்கு 94 கன மீட்டர் காற்று, 23.9 டெசிபல் என்று கம்பெனி சொல்கிறது. அதை 900 சுற்றில் ஓட்டினால் காற்று சுமார் 46 கன மீட்டர், அதாவது நொடிக்கு 13 லிட்டர் வரும். இந்த அளவு காற்று ஒரு டிகிரி சூடேறுவதற்கு ஏறக்குறைய 15 வாட் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும். என் பெட்டி மொத்தமாகக் கக்குவது 60 வாட் சுமார். அப்படியானால் வெளியே போகிற காற்று உள்ளே வருகிற காற்றைவிட நாலு டிகிரிதான் அதிகச் சூடு. தகடு, கேபிள் எல்லாம் தடுத்துப் பாதிக் காற்றுதான் போகிறது என்று வைத்தால்கூட எட்டு டிகிரி. இதற்குப் போயா முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த 60 வாட் தானாக வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 5600ஜி-யை 65 வாட்டிலிருந்து 45 வாட் வரை இறக்கிக்கொள்ள அதன் கம்பெனியே அனுமதிக்கிறது. பயாஸில் ஒரே ஒரு வரி. மாற்றினேன். டிசைன் மென்பொருளில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை; வீடியோ மாற்றுகிற வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் தெரியலாம். ஃபேன் வாங்குவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது, காசும் செலவில்லை. இன்டெல் வைத்திருப்பவர்களும் பெரும்பாலான போர்டுகளில் பயாஸில் இதே மாதிரி வாட் வரம்பு வைக்கலாம்.

அடுத்து கொசு. அண்ணன் சொன்ன கொசு எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு ஃபேனாகக் கழற்றிப் பார்த்தேன். குற்றவாளி மேல்தட்டு ஃபேன். அதை வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற மாதிரி பூட்டியிருந்தேன். ஃபேனின் உறிஞ்சும் பக்கத்தில், இறக்கையை உரசுகிற மாதிரி ஒரு சல்லடைத் தகடு. ஒவ்வொரு இறக்கையும் ஒவ்வொரு ஓட்டையைத் தாண்டும்போதும் காற்று கிழிபடுகிறது. அந்தக் கிழிசல்தான் "ங்ஙீஈஈ" என்று கேட்கிறது. உறிஞ்சும் பக்கம் தடை இருந்தால் சத்தம் அதிகம், தள்ளுகிற பக்கம் இருந்தால் குறைவு. ஃபேனைத் திருப்பிப் போட்டு, சூட்டை வெளியே தள்ளுகிற மாதிரி வைத்தேன். பாதிக் கொசு செத்தது.

மீதிப் பாதிக்கு ஒரு பழைய மவுஸ்பேடு. மூன்று மில்லிமீட்டர் தடிமன் ரப்பர். நடுவில் வட்டமாக வெட்டி, சதுர வளையமாக இரண்டு செய்து அடுக்கி, தகடுக்கும் ஃபேனுக்கும் நடுவில் வைத்தேன். நானும் கேஸ்கெட் வெட்டிப் பிழைக்கிறவன்தானே. இதில் மூன்று லாபம். இறக்கைக்கும் தகடுக்கும் ஆறு மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தது. ஃபேனின் அதிர்வு தகட்டுக்கு ஏறுவது குறைந்தது. சுற்றியுள்ள சந்து அடைபட்டதால் வெளியே தள்ளிய சூடான காற்று மறுபடி உள்ளே வருவது நின்றது. இந்தக் கடைசி விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ப்ராசஸர் கூலருக்கும் இதேதான்: கூலர் ஃபேனுக்கும் பக்கவாட்டுத் தகடுக்கும் நடுவே பெரிய இடைவெளியை அப்படியே விட்டால், அது பெட்டிக்குள் இருக்கிற சூட்டையே திரும்பத் திரும்பக் குடிக்கும். இடைவெளி வேண்டும், ஆனால் அதைச் சுற்றி ஒரு சுவரும் வேண்டும். நாக்டுவாவே இதற்கென்று ஐந்து ஐந்து மில்லிமீட்டராக அடுக்குகிற ஃபோம் வளையங்களைத் தனியாக விற்கிறது. மவுஸ்பேடு போதும் என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. ஸ்லிம் ஃபேனின் சட்டம் மெலிசு. ஸ்க்ரூவை நம்மூர் மெக்கானிக் மாதிரி முறுக்கினால் சட்டம் வளைந்து இறக்கை உரசும். விரல் பலத்தோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். எனக்கு ஒன்று அப்படிப் போயிருக்கிறது.

ப்ராசஸர் கூலரைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நாக்டுவா என்எச்-எல்9ஏ மொத்த உயரமே 37 மில்லிமீட்டர், அதன் ஃபேன் 14 மில்லிமீட்டர் தடிமன். தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 உயரம் 47 மில்லிமீட்டர், ஃபேன் 15. பத்து மில்லிமீட்டர் கூடுதல் என்றால் அவ்வளவு தகடு கூடுதல், அவ்வளவு மெதுவாக ஃபேன் ஓடலாம். என் பெட்டியில் அளந்தால் 51 மில்லிமீட்டர் இடம். பெரியதைப் போட்டால் தகடுக்கு நாலு மில்லிமீட்டர்தான் மிச்சம், மறுபடி கொசு. சின்னதைப் போட்டால் 14 மில்லிமீட்டர் மிச்சம், வளையம் வைத்து அடைக்கலாம். நான் சின்னதையே வைத்தேன், 45 வாட்டுக்கு அது போதும். 65 வாட்டை முழுசாக ஓட்டுகிறவராக இருந்தால் பெரியதைத்தான் வாங்கச் சொல்வேன்.

மேல்தட்டுக்கு நாக்டுவாவும் வாங்கினேன், ஆர்க்டிக் பி12 ஸ்லிம் என்பதும் வாங்கினேன். ஒன்றை ரூமில் வைத்துவிட்டு மற்றதைத் திருப்பிவிடலாம் என்று கணக்கு. ஆர்க்டிக்கும் 15 மில்லிமீட்டர்தான், முழு வேகம் 2100 சுற்று, விலை நன்றாகக் குறைவு. 900 சுற்றில் இரண்டையும் ஓடவிட்டு, ராத்திரி ஒரு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எனக்கு வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை. மலிவானதை வைத்துக்கொண்டேன். இங்கே 2020 ஜூலையிலிருந்து வாட் வரி 15 சதவீதம், ஒவ்வொரு ரியாலும் கணக்குதான். போனில் சத்தம் அளக்கிற ஆப் ஒன்றையும் இறக்கிப் பார்த்தேன். அமைதியான அறையில் அது காட்டுகிற எண்ணை நம்பவேண்டாம். போன் மைக் அதற்காகச் செய்ததல்ல. காது போதும், அதுவும் அடுத்தவர் காது.

வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது இரண்டு. ஒன்று, நாலு பின் உள்ள பிடபிள்யூஎம் ஃபேனா என்பது. அதுதான் அடிமட்ட வேகம் வரை ஒழுங்காக இறங்கும். சில ஃபேன்கள் மெதுவாக ஓடும்போது மோட்டார் "டிக் டிக்" என்று தட்டும். வந்தவுடனே 600, 700 சுற்றில் ஓடவிட்டுக் காதருகே வைத்துப் பாருங்கள். தட்டினால் திருப்பி அனுப்புங்கள். இரண்டாவது, பேரிங். மலிவு ஃபேன்களில் இருக்கிற ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய் சூட்டில் காய்ந்துபோகும். நாம் இருப்பது எந்த ஊர் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் டூட்டிக்குப் போனபின் ஏசியை அணைத்துவிட்டால் ஜூலையில் ரூம் 40 டிகிரியைத் தொடும். டவுன்லோடு போட்டுவிட்டு வேலைக்குப் போகிற பழக்கம் எனக்கு இருந்தது, இப்போது இல்லை. ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் என்று போட்டிருந்தால் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கலாம்.

வேகம் ஏறி இறங்குவதும் ஒரு தொந்தரவு, அதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஒரே சீராகக் கேட்கிற சத்தத்தோடு மனிதன் தூங்கிவிடுவான். "ஊ... ஊஊஊ... ஊ" என்று ஏறி இறங்கினால் விழித்துக்கொள்வான். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே ப்ராசஸர் சூடு ஒரு நொடிக்குப் பத்துப் பதினைந்து டிகிரி எகிறும். ஃபேன் உடனே அதைத் துரத்தும். பயாஸில் ஃபேன் வேகம் மாறுவதற்குத் தாமதம் வைக்கிற இடம் இருக்கும். அதைக் கூட்டிவிட்டு, 70 டிகிரி வரை ஃபேன் 900 சுற்றிலேயே நிற்கிற மாதிரி வைத்தேன். அதற்குப் பிறகு அது என்னைக் கேட்காமல் வேகம் கூட்டுவதில்லை.

மிச்சம் இருக்கிறது தூசி. ஷமால் காற்று அடித்த மறுநாள் ஜுபைலில் மேசை மேல் விரலால் பெயர் எழுதலாம். அந்த மாவுத் தூசி பெட்டிக்குள்ளும் போகும். தடித்த சல்லடைத் துணி போட்டால் ஸ்லிம் ஃபேனுக்கு அதன் வழியாகக் காற்றை இழுக்கப் பலம் கிடையாது. ஆகவே மெல்லிய வலை, மாதம் ஒரு முறை பிரஷ். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

டிசம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. அண்ணன் நைட் முடித்து வந்து படுத்தார். நான் உட்கார்ந்து வேலை பார்த்தேன். மதியம் இரண்டு மணிக்கு எழுந்து வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு மேசையைப் பார்த்தார்.

"இன்னிக்கு நீ பொட்டியப் போடலையா தம்பி?"

"காலையிலேருந்து ஓடுதுண்ணே."

நம்பவில்லை. குனிந்து மேல்தட்டில் கையை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடாகக் காற்று வந்தது. "ம்" என்றார், டீ போடப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு புகார் வந்தது. பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் போடுகிறதாம், இத்தனை நாளாக அது காதில் விழவே இல்லையாம். இந்த வெள்ளிக்கிழமை ஏணி வாங்கிவந்து அதைக் கழற்றப்போகிறேன். மவுஸ்பேடு மிச்சம் இருக்கிறது.